கேக் ஏன் சுருங்குது?

"டீச்சர், இந்த வாரமும் கேக் சுருங்கிப் போச்சு."

சமையல் மேடையில் கிடந்த போனின் ஸ்பீக்கரில் அந்தப் பெண் குரல் கேட்டதும், கேக் வகுப்புக்கு வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தவறாமல் வரும் அழைப்பு.

டீச்சர் முட்டை அடிப்பதை நிறுத்தினார்.

"ஓவன் கதவை நடுவுல திறந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை. உப்பியிருக்கான்னு பார்த்தேன்."

"பாதி வெந்த கேக்ல குளிர்காத்து பட்டா அப்படியே உட்கார்ந்துடும். அடுத்த தடவை திறக்காம செஞ்சு பாருங்க."

"வேற காரணம் ஏதாவது இருக்குமா டீச்சர்?"

"முதல்ல இதைச் செய்யுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸுக்குச் சுருக்கென்றது. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஓடிவந்து கற்றுக்கொள்பவள் அவள். முதல் வகுப்பிலேயே எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தவர் இதே டீச்சர்தான். போனில் கேட்பவளிடம் மட்டும் என்ன கஞ்சத்தனம்?

"பாவம், வாரா வாரம் முட்டையும் வெண்ணெயும் குப்பைக்குப் போகுது. இவங்க என்னடான்னா ரகசியம் மாதிரி பூட்டி வச்சுக்கிறாங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை போன் அடித்தபோது டீச்சர் வெண்ணெய் எடுக்க உள்ளே போயிருந்தார். நர்ஸ் எடுத்தாள்.

"டீச்சர், இந்த வாரமும்..."

"நான் டீச்சர் இல்லைங்க, இங்கே படிக்கிறவ. சொல்றேன், கேட்டுக்குங்க. மாவு சேர்த்த பிறகு ரொம்ப அடிக்காதீங்க. டின் ஓரத்துல வெண்ணெய் தடவாதீங்க, கேக் பிடிச்சு ஏற முடியாம வழுக்கிடும். ஓவன் சூட்டைக் குறைச்சு வைங்க. வெந்ததும் அவசரப்பட்டுக் கவிழ்க்காம டின்லயே கொஞ்சம் ஆறவிடுங்க. அவ்வளவுதான். இனிமே நீங்க யாரையும் கேட்க வேண்டியதே இருக்காது."

"சரிங்க" என்றது குரல், சுரத்தில்லாமல். போன் வைக்கப்பட்டது.

நர்ஸ் திரும்பினாள். வெண்ணெய்ப் பாத்திரத்தோடு டீச்சர் நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"மனசு கேட்கலை டீச்சர். ஒரேயடியா சொல்லித் தொலைச்சா அந்தப் பொண்ணுக்கும் நிம்மதி..."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவ என் பொண்ணும்மா. என்கூடச் சண்டை போட்டுக்கிட்டுப் போனவ. யாரோ மாதிரி பேசுவா. நானும் யாரோ மாதிரி பதில் சொல்வேன். எங்களுக்குள்ள பேச்சுன்னு மிச்சம் இருந்ததே இந்தக் கேக் ஒண்ணுதான்."

நர்ஸ் அவர் கையிலிருந்த வெண்ணெய்ப் பாத்திரத்தை வாங்கி மேடையில் வைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை, போனைப் பார்க்காதது போலவே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சலித்த மாவையே மறுபடியும் சலித்தார். வகுப்பு முடிந்தும் ஒருத்தியும் கிளம்பவில்லை.

போன் அடித்தது. டீச்சர் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தார்.

"டீச்சர், இப்போ கேக் சுருங்கறதில்லை."

"அப்படியா. சந்தோஷம்" என்றார் டீச்சர், குரலே எழும்பாமல்.

"ஆனா மேல வெடிச்சுடுது. ஏன்னு தெரியலை." குரல் சற்றுத் தயங்கியது. "கொஞ்சம் கொஞ்சமாவே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."