திரும்பி வந்த கிடா

நேற்று எங்கள் லுவியப் படையின் கொள்ளைநோயை மந்திரித்து ஏற்றி, கொம்பில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, ஓடைக்கு அந்தப் பக்கம் எதிரி ஹத்திப் படையிடம் விரட்டிவிட்ட கிடா, இன்று உச்சிவெயிலில் திரும்பி வருகிறது. எங்கள் சிவப்புக்கு மேலேயே புதிதாகப் பச்சை நூல். மூக்கில் சளி, பின்னங்கால்களில் வழிந்து காய்ந்த கழிச்சல், அதில் அப்பிய ஈக்கள். எங்கள் கூடாரங்களுக்குள் இன்னும் நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்கள். “நாசமாப் போறவனுங்க, அவனுங்க சீக்கையும் சேத்துல்ல ஏத்தி அனுப்பிருக்கானுங்க!” என்று குதிக்கிறான் எங்கள் தளபதி வல்வசிதி, நேற்று நாங்கள் செய்தது மட்டும் புண்ணியம் போல. “கரையேற விடாதீங்கடா, கல்லால அடிங்க!” எல்லோரும் எறிகிறார்கள். நானும் எறிகிறேன். ஓடையின் நடுவில் முன்னங்கால் மடிந்து கிடா சரிகிறது. உப்பிய வயிறு வெயிலில் பளபளக்க, அவிழ்ந்த நூல்கள் சிவப்பும் பச்சையுமாக நீரோட்டத்தில் நெளிகின்றன. “நம்ம கரையில சாகல. தெய்வம் காப்பாத்திருச்சு” என்று தாடி வியர்வையை வழித்து உதறுகிறான் தளபதி. “தொண்டை வறளுது. தண்ணி மொண்டு வாங்கடா.” கிடா கிடக்கிற இடத்துக்கு ஓடையில் பத்தடி கீழே, குபுக் குபுக்கென்று குடம் நிறைகிறது.