படம் இல்லாத கருவி

பழைய ஜிபிஎஸ் கருவியின் திரையில் பாதிக் கோடுகள் செத்துவிட்டிருந்தன.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள் பிள்ளை. இது முழுசாச் சாக முன்னம் உள்ளுக்கு இருக்கிற இடத்தைப் புதுசுக்கு மாத்தித் தரவேணும்," என்றார் அருள்நாயகி.

ஒஸ்லோத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வள்ளச் சாமான்கள் விற்கும் கடை அது. மயூரா அங்கே ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறாள். வடக்கு நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலைக்குப் போன தாய் தகப்பனிடம் வளர்ந்தவள். கடல் அவளுக்குப் பழக்கம். கடைக்குள் யாரும் தமிழில் பேசுவதுதான் பழக்கமில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஜிபிஎஸ் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அருள்நாயகியே சொன்னார்.

ஒரே மகன், றொபின். மூன்று வருடத்துக்கு முன்னம், 2003 கோடையில், நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் கடலான பியோர்ட்டில் வள்ளம் கவிழ்ந்து போனான். பதினேழு வயது. உடல் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் நாளில், அருள்நாயகியும் கணவரும் பக்கத்து வீட்டு நோர்வேக்காரரின் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார்கள். அந்த மனிதர் வருடாவருடம் தானாகவே வந்து கதவைத் தட்டிக் கூட்டிப்போவார். தூரம் பூச்சியம் என்று கருவி காட்டும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். இவர்கள் செபமாலை சொல்லிப் பூவைத் தண்ணீரில் விடுவார்கள்.

"நடுக்கடல் பிள்ளை. ஆராலும் எட்டேலாத தூரம். இவர்தான் பொலிசிட்டைக் கேட்டு இடத்தைப் பதிஞ்சு வைச்சவர்."

'இவர்' என்று அருள்நாயகி கடைக் கண்ணாடிக்கு வெளியே காட்டினார். வீதியோரம் ஒரு கார் நின்றது. மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. துடைப்பான்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உள்ளே அவர் கணவர் அருட்செல்வம் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

"உள்ளை வரமாட்டார். வருசத்திலை அந்த ஒரு நாளைத் தவிர, ஒரு துடுப்பைக் கண்டாலே ஆளுக்கு நெஞ்சு அடைக்கும்."

மயூரா இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள். மஞ்சள் நிறமானது சிறியது. அம்புக்குறியும் தூரமும் மட்டும் காட்டும். மற்றதில் கடல் வரைபட அட்டை இருந்தது.

"இது திறம் அன்ரி. கரை, பாறை, ஆழம், இறங்குதுறை எல்லாம் படத்திலை வரும். தண்ணிக்கை விழுந்தாலும் மிதக்கும்."

"மிதக்குமோ? அப்ப எங்கடை ஆளைவிடத் திறம்தான்." அருள்நாயகி சிரிக்கப் பார்த்தார். "அவருக்கு நீந்தத் தெரியாது பிள்ளை. ஆனால் படம் வேண்டாம். படம் இருந்தால் அவர் கரையைத்தான் பாத்துக்கொண்டிருப்பார்."

அவர் கண்ணாடிப் பக்கம் போய், காரைப் பார்த்தபடி நின்றார்.

மயூரா பழைய கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடத்தைக் குறிக்கும் இலக்கங்களின் கடைசிப் பகுதி தெரியவில்லை. அதன் தோல் உறைக்குள் விரலை விட்டபோது, அடியில் ஒரு தாள் தட்டுப்பட்டது. உத்தரவாதத் தாளாக இருக்கும் என்று விரித்தாள்.

பொலிஸ் அறிக்கை. கடைசியாகக் காணப்பட்ட இடம் என்று நோர்வேஜிய மொழியில் எழுதி, பக்கத்தில் இலக்கங்கள் இருந்தன.

நல்லதாகப் போயிற்று என்று அவற்றைப் படமுள்ள கருவியில் அழுத்திப் பார்த்தாள்.

புள்ளி கரையோரத்தில் விழுந்தது. இறங்குதுறைக்குப் பக்கத்தில். படிக்கட்டில் நின்று கயிறு எறிந்தால் எட்டும் தூரம்.

பிழையாக அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். பாகையைத் தசமத்தில் எழுதியிருப்பதைச் செக்கன் கணக்கு என்று நினைத்துப் பதிந்துவிட்டு, பிறகு கடைக்கு வந்து சண்டை பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். அப்படியும் மாற்றிப் பார்த்தாள். புள்ளி கரையை விட்டு விலகவில்லை.

பழைய கருவியை விளக்கடியில் சரித்துப் பிடித்தாள். மங்கிய இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முற்றிலும் வேறு இலக்கங்கள். அவற்றை அழுத்தியபோது புள்ளி ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, பியோர்ட்டின் நடுவில் போய் நின்றது.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது.

ஒரே சாட்சி: தந்தை. இறங்குதுறையில் நின்றவர்.

மயூரா நிமிர்ந்து பார்த்தாள். வெளியே துடைப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தனக்கு நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரிந்ததற்காக அவள் முதல்முறையாக வருந்தினாள்.

பொய்க்குத் துணை போவது பாவம் என்றுதான் அவளுக்கும் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆனால் காருக்குள் இருக்கிற அந்த மனிதர் தன் சுமையில் பாதியை மனைவியின் தலையில் ஏற்றாமல், மூன்று வருடமாகத் தனியே தூக்கிக்கொண்டு நிற்கிறார். அதைப் போட்டுடைக்கத் தனக்கு என்ன உரிமை?

படமுள்ள கருவியில் இரண்டு புள்ளிகளையும் அழித்தாள். அதைத் திரும்பவும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மஞ்சள் கருவியை எடுத்து, நடுக்கடலின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தாள். இரண்டு தரம் சரிபார்த்தாள்.

"நீங்கள் சொன்னதுதான் சரி அன்ரி. படம் தேவையில்லை."

அருள்நாயகி திரும்பி வருவதற்குள் தாளை அவசரமாக இரண்டாக மடித்து, உறைக்குள் திணித்தாள்.

அருள்நாயகி புதிய கருவியை வாங்கிப் பையில் வைத்தார். பிறகு பழைய உறையை எடுத்தார். தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதை உருவி எடுத்தார். விரித்து வாசிக்கவில்லை. பழைய மடிப்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நாலாக மடித்து, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி உறையின் அடிக்குத் தள்ளினார்.

"இப்பிடித்தான் இருக்கவேணும் பிள்ளை. மடிப்பு மாறியிருந்தால் அவருக்கு விளங்கிப்போடும்."