இரண்டாவது பட்டை

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் ராயப்பனின் தொழில். அவருடைய சொந்த நாய் சீசர், கட்டியிருந்த வாரின் கொக்கி வாய் பிளந்த ஒரு நொடியில் பாய்ந்து, எதிர்வீட்டுச் செல்வராணியின் மகள் கன்னத்தைக் கிழித்துவிட்டது. மறுநாளே அவர் திருகு வைத்த பித்தளைக் கொக்கி வாங்கினார். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கட்டும் என்று சீசரின் கழுத்தில் இரண்டு தோல் பட்டைகள் மாட்டினார். செல்வராணி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் தினமும் வந்து, இரண்டு பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, பலமெல்லாம் கூட்டி இழுத்துப் பார்ப்பாள். மூச்சு முட்டினாலும் சீசர் அசையாது. போகப்போக அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே தாடையைத் தூக்கிக் கொடுத்தது. ராயப்பன் அதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒருநாள் அவள் வந்தபோது சீசரின் கூண்டு காலியாக இருந்தது.

"காலையில செத்துப்போச்சு தாயி. பின்னாடிதான் பொதைச்சேன்."

அவள் நகரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். ராயப்பன் ஆணியில் தொங்கிய வாரை எடுத்துவந்து, கொக்கியில் மாட்டியிருந்த பட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். அவர் தள்ளாடினார், கொக்கி தாங்கியது.

"இன்னொண்ணு?"

"அது கழுத்துலயேதான் இருக்கு தாயி. கழட்டக் கை வரல."

முருங்கைக்குப் பின்னால் குவிந்திருந்த புது மண்ணை அவள் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"மம்பட்டிய எடுங்க" என்றாள்.