கட்டைவிரல்

ராத்திரித் துணைக்குப் பெண் அனுப்பும் ஏஜென்சிக்காரன் விலாசத்தோடு அடையாள அட்டை கேட்டான். மாசிலாமணிக்கு இப்போதைய விலாசம் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. அதில் குடும்பத் தலைவி என்று பூங்கோதையின் படம். அவள் செத்து இரண்டு வருஷமாகியும் பெயரை நீக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் முகத்தைக் கட்டைவிரலால் மூடியபடி கார்டைப் படமெடுத்து அனுப்பினார்.

உடனே போன் வந்தது. "சார், விரல எடுத்துட்டு அனுப்புங்க. மறைச்சா எப்படி நம்புறது?"

"அது என் சம்சாரம் தம்பி. இப்ப இல்ல."

"யாரு பாக்கப்போறா? செக் பண்ணிட்டு அழிச்சிடுவோம்."

விரலை எடுத்துவிட்டுக் கார்டை மறுபடி படமெடுத்தார். படத்தை அனுப்பிய கையோடு, பெண் வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது, அதே நம்பரிலிருந்து 'புது முகங்கள்' என்று மூன்று படங்கள் வந்தன. மூன்றாவது பூங்கோதை. கார்டில் இருந்த அதே படம். ஒட்டுப்பொட்டு அப்படியே ஒரு பக்கமாக விலகியிருந்தது. கீழே வேறு யாரோ பெயர்.

பக்கத்தில் நின்றவன் எட்டிப் பார்த்தான். மாசிலாமணி பதறிப்போய்க் கட்டைவிரலை அவள் முகத்தின் மேல் வைத்தார். விரல் பட்டதும் படம் விரிந்து, திரை முழுக்க அவள் முகமானது.