நாலாவது சேதி

"அம்மாவுக்குத் தொண்டை இன்னும் சரியாகலையாப்பா?"

நடுக்கடலிலிருந்து மகன் கேட்டான். அப்பா போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"குரல் சுத்தமா எழும்பல. பேசவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். நாலு சேதியையும் என்கிட்ட சொல்லிக் குடுத்திருக்கா, நானே சொல்லிடறேன்."

"டாக்டர் பேசக் கூடாதுன்னாரே, எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

"சைகையிலதான்" என்றார் அப்பா, சற்றுத் தடுமாறி.

மகன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறான். முதல் தடவை கப்பலேறியபோது வீட்டு நினைப்பில் சாப்பாடு இறங்காமல் கிடந்தவனுக்காக அம்மா ஆரம்பித்த வழக்கம் இது. போன் வரும்போதெல்லாம் நாலு சேதி: அன்றைய தேதியில் முன்னொரு காலத்தில் நடந்த ஒன்று, கேட்டால் வாயைப் பிளக்க வைக்கும் ஒரு தகவல், ஒரு ஜோக், கடைசியாக அவள் மனசில் பட்ட ஏதோ ஒன்று. பத்திரிகை, ரேடியோ, பக்கத்து வீட்டு வம்பு என்று எங்கிருந்தாவது பிடித்துவிடுவாள்.

அப்போதெல்லாம் அப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். குடிநீர்த் தொட்டியில் பம்பு ஓட்டுகிறவர். மோட்டார் இரைச்சலிலேயே பாதி ஆயுள் போனதாலோ என்னவோ, பேச்சு அவருக்கு வராது. போன் கைக்கு வந்தால் "சாப்பிட்டியா?" என்பார். அடுத்த நொடியே "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்பார். மகனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இப்போது அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். பென்சில் தலையில் ரப்பர் வைத்து ஒருவன் காப்புரிமை வாங்கியது இன்றைய தேதியில்தான் என்றார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றார். நிஜமாகவா என்று மகன் கேட்டதும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்ப ஜோக்கு. போர்டை லிஃப்டுக்குள்ளயே மாட்டியிருந்தாங்களாம்… இரு, இரு, அது கடைசியில வரணும். ஒரு ஆபீஸ்ல, லிஃப்ட் ஓடல, படியில போங்கன்னு ஒரு போர்டு எழுதினாங்களாம்…"

மகன் சிரித்துவிட்டான். காலையில் பம்பு அறையில், யாரும் இல்லாதபோது, மோட்டாரைப் பார்த்து நாலு தரம் சொல்லிப் பழகிய ஜோக் அது. அப்படியும் தலைகீழாகத்தான் வந்தது.

"நாலாவது சேதி?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா சொல்லச் சொன்னா. வீட்டுல ஆள் நடமாட்டம் குறைஞ்சா, வெச்ச பொருள் வெச்ச இடத்துலயே இருக்குமாம். எதையும் தேடவே வேண்டியதில்லையாம். அது அவ்வளவு நல்லா இல்லையாம்."

நாலாவது சேதி நன்றாக இருக்கிறதென்று அம்மாவிடம் சொல்லச் சொன்னான் மகன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள் என்றான். அப்பா உள்ளறைப் பக்கம் திரும்பி, போனில் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கேட்டியா? உப்புத்தண்ணியில கொப்பளிக்கணுமாம். சும்மா தலையாட்டாத, செய்யணும்."

போனை வைத்தார். உள்ளறையில் காலியான கட்டில்தான் கிடந்தது. அதில் மடிக்காத துணி குவிந்திருந்தது.

அம்மா போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெற்றவள் போயிருக்கிறாள், பிள்ளைக்குச் சொல்லாமல் எப்படி என்று அவளுடைய தம்பி சண்டைக்கே வந்துவிட்டான். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சொன்னா அவன் எங்க போய் அழுவான்? சுத்தித் தண்ணி. கரை இறங்கட்டும், தோளைப் பிடிச்சுக்க நான் பக்கத்துல இருக்கறப்ப சொல்லிக்கறேன்."

உறவுக்காரர்கள் எல்லாரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மகனிடமிருந்து போன் வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், தொண்டை கட்டிக்கொண்டது என்று வாயில் வந்ததைச் சொன்னார். பிறகு அதே பொய்தான்.

அப்பா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துக் கொஞ்சம் தண்ணீர் வைத்தார். ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். யாருக்கென்று தெரியாமல், அது கொதிப்பதைப் பார்த்தபடியே நின்றார்.

கப்பலில் மகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தான். அறைத் தோழரான சமையல்காரர் தட்டை நகர்த்தி வைத்தார். இன்றைக்கு என்ன ஜோக் என்று கேட்டார். மகன் அப்பா சொன்ன மாதிரியே முடிவை முதலில் வைத்துச் சொன்னான். சமையல்காரர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்குப்பா இன்னும் இழுக்கற? அன்னிக்கே உங்க மாமா கேப்டனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிட்டாருல்ல. எனக்கு எல்லாம் தெரியும்னு உங்கப்பாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவருகிட்ட அழணும்னுதாண்ணே அன்னிக்குப் போன் பண்ணேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னுட்டு அவரு எனக்கு ஜோக் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. நான் அம்மாவை விசாரிக்கற வரைக்கும்தான் அந்த வீட்டுல ரெண்டு பேரு."