கூட வர்றவங்க

பையில் இரண்டு ஜோடி பாறையேறும் ஷூக்கள் இருந்தன. ஒன்று மகளுடையது. இன்னொன்று ஒரு சைஸ் பெரிது.

லிஃப்ட் மெக்கானிக் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக அளவு பார்த்தே பழகிய கண். யாரோ ஒரு பையனின் கால் என்று முடிவே கட்டிவிட்டார். பையை இருந்தபடியே மூடிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

மேஜை மேல் மகள் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். மருந்துக்கடை வேலையில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு வாங்கியாயிற்று. எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஏறிப் பழகியவளுக்கு இப்போது நிஜப் பாறை வேண்டுமாம். சனிக்கிழமை அவருக்கு டியூட்டி. வீட்டில் யார் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அவர் திரும்பி வந்த பிறகு, அதுவும் சொன்னால்தான் தெரியும்.

எந்தெந்த ஊர் என்பதுதான் பாக்கி. ஆறு இடங்களுக்கு வட்டம் போட்டிருந்தாள்.

"எட்டு மாசம் சுவத்துல ஏறினா பாறை ஏறிடலாமா? லிஃப்ட் குழிக்குள்ள தைரியமா எட்டிப் பாக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதனாலதான்பா சுலபமான இடமாப் பாத்துட்டிருக்கோம். பாறையில கயிறு மாட்டுற போல்ட் கிட்டக்கிட்ட அடிச்சிருக்கணும். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும். எங்களை மாதிரி புதுசா ஏறுறவங்க நாலு பேர் வர்ற இடமா இருக்கணும்."

'பாத்துட்டிருக்கோம்.' 'எங்களை மாதிரி.' அவர் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

"கூட யாரு?"

"கூட வர்றவங்க எட்டு மாசமா என்னோடதான் ஏறுறாங்க. ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் கீழ நின்னு கயிறு பிடிக்கணும்ல? அவங்க பிடிச்சா எனக்குப் பயமே இல்லப்பா. அவ்வளவு நிதானம்."

அவங்களாம்! மரியாதையைப் பார். பேரைக் கேட்க வாயெடுத்தார். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று மூடிக்கொண்டார்.

கயிறு பிடிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பிடித்தவன் ஒரு நொடி கவனம் தப்பியதில் நாலாவது மாடியிலிருந்து விழுந்த கூட்டாளியை அவர்தான் அள்ளித் தூக்கினார். அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

எதிரே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட ஆய்வக வேலையிலிருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவள். மேஜைக்கு அடியில் அவள் காலை ஒரு இடி இடித்தார். 'நீயாவது சொல்லேன்.'

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தாள்.

"இந்தக் கடலோரப் பாறை வேண்டாம். மத்தியானம் பூரா வெயில் நேரா மேல அடிக்கும்."

மகள் மறுபேச்சில்லாமல் அதை அடித்தாள். அவருக்கு நம்ப முடியவில்லை. ஒரு வாரமாக அவர் கத்திய கத்துக்கு ஒரு வட்டம்கூட அழியவில்லை.

"இதுல மேல போயிட்டா நடந்து இறங்க வழி இருக்கா?"

"இல்லம்மா. கயித்துலதான் இறங்கணும்."

"அப்ப இதுவும் வேண்டாம். அது என்ன, ரொம்பப் பேர் ஏறுற இடமா? தேஞ்சு வழவழன்னு ஆகியிருக்காது?"

"ஆமாம்மா, வழுக்கும்னுதான் எழுதியிருக்காங்க." மூன்றாவதும் போயிற்று.

பெற்ற வயிறு என்னமாய் யோசிக்கிறது என்று அவர் மனசுக்குள் கைதட்டினார். பாதி ஊர் காலி. இதே வேகத்தில் போனால் இன்னும் பத்து நிமிஷத்தில் வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம்.

அவள் நாலாவது வட்டத்தில் விரலை வைத்தாள். "இது நல்லா இருக்கு. முதல் மாசம் இங்கயே இருக்கணும். மிச்ச ரெண்டும் அப்புறம். மாசத்துக்கு ஒரு இடம் போதும். ஓடி ஓடிப் பாத்தா ஒண்ணும் படியாது."

"ஏம்மா, நீ யார் பக்கம்?" என்றார்.

மகள் ஃபோனை எடுத்தாள். "அப்ப முதல் ஊருக்கு டிக்கெட் போட்டுடட்டுமா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனையோ லிஃப்டுகளை நடுவழியில் நிறுத்தியவர். இதை நிறுத்த ஒரு பட்டன் இல்லை.

"போ. என் பேச்சு எடுபடல, போ. ஆனா இவளை நெனச்சுப் பாத்தியா? மூணு மாசம் இந்த வீட்டுல ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் உசுரு போய்ப் போய் வரப்போறது இவளுக்குத்தான். எவனோ ஒருத்தன் கீழ நிப்பான், அவன் கை கொஞ்சம் அசந்தா..." மேலே பேச முடியாமல் குரல் உடைந்தது. "அவனை இவ பாத்தாவது இருக்காளா?"

மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

மனைவி எழுந்து வந்து, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"அந்தக் கயித்தைப் பிடிக்கிறதே நான்தாங்க."