அடியிலை

பசுமைக்குடிலில் தக்காளியின் அடியிலைகள் மஞ்சளாகிப் போயிருந்தன. முதலாளி ஞானசிகாமணி ஓர் இலையை வலிக்காமல் திருப்பிப் பார்த்தார். நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது.

“நோய் இல்லய்யா. மக்னீசியம் பத்தல. பாவம், பசியில கிடக்கு. எப்சம் உப்பைக் கரைச்சு அடி” என்று நிமிர்ந்தவர், ஸ்ப்ரேயரோடு நின்ற வேலப்பனின் கண்களைப் பார்த்துவிட்டார். “யோவ், உனக்கு மஞ்சக்காமாலை. எல்லாருக்கும் ஒட்டிக்கும். இப்பவே கிளம்பு.”

வேலப்பன் மனைவியைப் பார்த்தான். இருவரும் இங்கேயே கொட்டகையில் தங்கி வேலை செய்பவர்கள். அவளும் மூட்டை கட்டுவாள் என்று நினைத்தான்.

“அவரு போகட்டுங்கய்யா. எனக்கும் மருந்தடிக்கத் தெரியும்” என்றாள் செங்கமலம்.

அவன் முதுகிலிருந்து ஸ்ப்ரேயரைக் கழற்றினாள். நோய் ஒட்டாதிருக்கச் செடி நறுக்கும் கத்தரியை முக்கியெடுக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரை அள்ளி, அவன் வியர்வை ஊறிய வாரை அவன் எதிரிலேயே தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் தோளில் மாட்டிக்கொண்டாள்.